கட்டிப்போட்ட படகிலிருந்து ஓர் அழைப்பு

போனிலும் ஆன்லைனிலும் மனநல ஆலோசனை தருபவள் நான். மீன்பிடித் தடைக்காலத்தில் எனக்கு வரும் அழைப்புகள் கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, பேச்சு வளரும். அப்படி ஒரு மே மாதம், பாம்பன் பக்கத்துப் பையன் ஒருவன் வீடியோ அழைப்பில் வந்தான். (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) அப்பா டிரைவராகப் போகும் படகு கரையோரம் கட்டிக் கிடந்தது. அதன் கேபினுக்குள் உட்கார்ந்திருந்தான். வீட்டில் ஒரே அறை, அங்கே மனம்விட்டுப் பேச முடியாது. கச்சான் காற்று இரைந்ததில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. சரி என்று கேமராவை அணைத்து, ஹெட்போன் மாட்டச் சொல்லிப் பேசினோம்.

டிப்ளமோ முடித்து மூன்று வருஷம். டிஎன்பிஎஸ்சி இரண்டு முறை எழுதியும் கிடைக்கவில்லை. "எனக்கு எதுவுமே வராது மேடம்" என்று ஆரம்பித்தவன் பத்து நிமிஷம் நிறுத்தவே இல்லை. இங்கிலீஷ் வராது, கணக்கு வராது, கடலுக்குப் போனால் வாந்தி. தன் குறையைச் சொல்ல யாருக்குமே தடங்கல் வருவதில்லை. "உங்கிட்ட என்ன நல்லா இருக்கு?" என்று கேட்டால்தான் வாயடைத்துப் போகிறது. அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. "போன வாரம் யாராவது உன்னைத் தேடி வந்து ஒரு வேலை சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். பக்கத்துப் படகுகளில் ஜிபிஎஸ் மக்கர் செய்தால் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்றான். அப்புறம், டீசல் நோட்டு எழுதுவதும் தான்தான். எத்தனை லிட்டர் ஏறியது, எத்தனை மணி நேரம் ஓடியது, ஐஸ் எவ்வளவு, ஆளுக்குப் பங்கு எவ்வளவு. நோட்டைக் காட்டச் சொன்னேன். கேமராவைப் போட்டான். நீலப் பேனாவில் கோடு போட்டு, மாதவாரியாக, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாத பக்கங்கள். கணக்கு வராது என்றவனின் நோட்டு அது. நான் பாராட்டவில்லை. "ஒரு மாசம் டீசல் கூடுதலா செலவானா, காரணம் இன்ஜினா காத்தான்னு எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று கேட்டேன். கால் மணி நேரம் விளக்கினான். குரலே மாறியிருந்தது.

ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கும் வலிமையிலிருந்து தொடங்கும் ஆலோசனை முறை இது. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் சாலிபீயும் அவரோடு இருந்த சமூகப்பணி ஆசிரியர்களும் இதை வளர்த்தார்கள். மில்வாக்கியில் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் உருவாக்கிய கேள்விகள் சிலவற்றையும் தினமும் பயன்படுத்துகிறேன். அதில் ஒன்று: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இன்றைக்கு எங்கே நிற்கிறீர்கள்? பையன் மூன்று என்றான். ஏன் பத்து இல்லை என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். நான் கேட்டது, "ஒண்ணு சொல்லாம மூணு சொன்னியே, அந்த ரெண்டு எங்கிருந்து வந்துச்சு?"

நான்காவது முறை பேசியபோது அவனே ஒரு முடிவுக்கு வந்திருந்தான். தேர்வை இன்னும் ஒரு தடவை எழுதுவது, அதுவரை காலையில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் கடையில் வேலை. அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் எங்களுக்கு அதிக நேரம் ஆனது.

குடும்பச் சிக்கலில் இதே கேள்வி வேறு மாதிரி வரும். கீழக்கரைப் பக்கம் ஒரு பெண், கணவர் சவுதியில். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் சேர்ந்து இருந்தது மொத்தம் எட்டு மாதம். "போன் எடுத்தாலே சண்டைதான் அக்கா." சண்டை வராமல் போனை வைத்த நாள் ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். மறுவாரம் அவரே சொன்னார்: வெள்ளிக்கிழமை பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்குக் கணவருக்கு லீவு, பகலில் கூப்பிடுவார், பிள்ளை எழுதியதைக் காட்டுவார்கள். மற்ற நாட்களில் அவர் வேலை முடிந்து பத்து மணிக்குக் கூப்பிடும்போது இங்கே மணி பன்னிரண்டரை. தூக்கக் கலக்கத்தில் பணம், மாமி, கடன் என்று பேச்சு போகும். பணப் பேச்சை வெள்ளிக்கு மாற்றலாம் என்பது அந்தப் பெண்ணின் யோசனை. மூன்றாவது அமர்வில் கணவரும் சவுதியிலிருந்து சேர்ந்துகொண்டார். ஆன்லைன் இல்லாவிட்டால் சபராளி (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்) குடும்பத்தில் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேச அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் இந்த முறையில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை என் தவறிலிருந்துதான் கற்றேன். ஆரம்ப காலத்தில் ஒரு பெண்ணிடம், இவ்வளவையும் சமாளிக்கிற உங்கள் பொறுமை பெரிய பலம் என்று சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அவர் திரும்ப வந்தது இரண்டு மாதம் கழித்து. கணவர் அடிக்கிறார், அன்றைக்கு அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார். "பொறுத்துப் போ" என்று அவருடைய அம்மா சொன்னதையே நானும் வேறு வார்த்தையில் சொல்லியிருந்தேன். இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது. அடியைத் தாங்குவதை எந்த ஆலோசகராவது பலம் என்று சொன்னால் அவரிடம் போகாதீர்கள். பெண்களுக்கான 181 எண்ணை அழையுங்கள், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது.

எங்கள் கரையில் நேரில் வரத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். மனசு சரியில்லை என்று வாய் திறந்தாலே அந்தச் சங்கிலி ஞாபகம் வருகிற வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. போனில் பேசினால் பஸ் ஏற வேண்டாம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதே பலருக்குப் பெரிய தைரியம்.

எல்லாவற்றையும் போனில் தீர்க்க முடியாது. சாக வேண்டும் என்ற எண்ணம், காதில் குரல் கேட்பது, நாள்கணக்கில் தூக்கமின்மை என்றால் மனநல மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும். எந்த நேரமும் 14416-க்கு அழைத்துத் தமிழில் பேசலாம், இலவசம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. ஆன்லைனில் ஆலோசகரைத் தேடும்போது படிப்பு என்ன என்று தயங்காமல் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். மூன்றே அமர்வில் சரியாகிவிடும் என்று உறுதி கொடுப்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

பேச இடம் இல்லையே என்று பலர் அழைக்காமலே இருக்கிறார்கள். மொட்டைமாடி, தோப்பு, கட்டிக் கிடக்கும் படகு, எதுவானாலும் சரி. யாராவது வந்துவிட்டால் சொல்ல ஒரு வார்த்தையை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வோம். "மீன் என்ன விலை?" என்று என்னிடம் கேட்டால் நான் ஒரு விலையைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன். முதல் அழைப்பில், "இருபது நிமிஷந்தான் இருக்கு, மாமி தொழுதுட்டு வந்துருவாங்க" என்று சொன்னால் போதும். இருபது நிமிஷத்துக்குத் தகுந்த மாதிரி பேசிக்கொள்ளலாம்.