எக்சிலார்க்: நாடிழந்தோர் தலைவர்

பழைய பாபிலோனியாவில், அதாவது இன்றைய இராக்கில், வாழ்ந்த யூதர்களின் பரம்பரைத் தலைவருக்கு வரலாற்று நூல்கள் தரும் பெயர் எக்சிலார்க். பழைய இஸ்ரவேலின் அரசர் தாவீதின் வழிவந்தவர் என்று சமூகம் ஏற்றுக்கொண்ட குடும்பத்தினருக்கே இந்தப் பதவி உரியது. அந்தக் குடும்பத்துக்கு நாடு இல்லை, முடி இல்லை. அரச குலம் என்ற மதிப்பு மட்டும் பல நூற்றாண்டுகள் குறையாமல் நின்றது.

‘எக்சிலார்க்’ அந்த மக்கள் பேசிய சொல் அல்ல. ஆட்சியைக் குறிக்கும் கிரேக்க ஒட்டைச் சேர்த்து ஐரோப்பியர் பிற்காலத்தில் ஆக்கிக்கொண்டது. பாபிலோனிய யூதர்கள் தங்கள் அரமேய மொழியில் ‘ரேஷ் கலூதா’ என்றார்கள். எபிரேயத்தில் ‘ரோஷ் ஹகோலா’. ரேஷ் என்றால் உடம்பில் உள்ள தலை. தமிழில் தலையிலிருந்து தலைவர் பிறந்தது போலவே அங்கும். கலூதா என்பது சொந்த மண்ணை விட்டு அகற்றப்பட்ட நிலை. அப்படி அகற்றப்பட்ட மக்கள் கூட்டத்தையும் அதே சொல் குறிக்கும். அரபியர் இதை ‘ரஃஸ் அல்-ஜாலூத்’ என்று எடுத்துக்கொண்டார்கள். தாவீது வீழ்த்திய கோலியாத்துக்கும் அரபியில் ஜாலூத் என்றே பெயர் என்பதால், தாவீதின் பேரன்மாருக்கு அவருடைய பகைவனின் பெயரொலி கொண்ட பட்டம் அமைந்துவிட்டது.

கதை கி.மு. 597இல் தொடங்குகிறது. பாபிலோன் மன்னர் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யூதா நாட்டின் 18 வயது அரசர் யோயாக்கீனைத் தாய், மனைவியர், அரண்மனையாருடன் பாபிலோனுக்குக் கொண்டுபோனார். யோயாக்கீன் அரியணையில் இருந்தது மூன்று மாதம்தான். வேதாகமம் சொல்லும் இந்தச் செய்திக்கு மண்ணுக்குள்ளேயே சான்று கிடைத்தது. பாபிலோன் அரண்மனை இடிபாடுகளில் ஜெர்மானியர் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகளில் படி அளந்த கணக்கு இருக்கிறது. யூதா நாட்டு அரசருக்கும் அவருடைய ஐந்து மகன்களுக்கும் எண்ணெய் கொடுத்த விவரம் அதில் உள்ளது. 1939இல் எர்ன்ஸ்ட் வைட்னர் இவற்றை வெளியிட்டார். சிறைபிடித்தவனின் கணக்குப்பிள்ளையும் யோயாக்கீனை ‘அரசர்’ என்றே எழுதியிருப்பது என்னை இன்றும் நெகிழவைக்கிறது. சிறைப்பட்ட 37ஆம் ஆண்டில் அவருக்கு விடுதலை கிடைத்தது. அதன்பின் பாபிலோன் மன்னரின் பந்தியிலேயே உண்டார்.

பாரசீகர் ஆட்சியில் யூதர்கள் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. யோயாக்கீனின் பேரன் செருபாபேல் யூதாவின் ஆளுநரானார். ஆனால் பெரும் பகுதியினர் பாபிலோனியாவிலேயே தங்கிவிட்டார்கள். அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளை இடைக்கால யூத வமிசப் பட்டியல் ஒன்று பெயர்களால் நிரப்புகிறது. அதை அப்படியே வரலாறாகக் கொள்வதற்கில்லை. ரேஷ் கலூதா என்ற பதவி உறுதியாகக் கண்ணில் படுவது கி.பி. 200ஐ ஒட்டித்தான்.

அந்தக் காலத்துச் செய்தி ஒன்று எருசலேம் தல்மூதில் வருகிறது. தல்மூது என்பது யூதச் சட்டமும் மரபும் அடங்கிய உரைத் தொகுப்பு; எருசலேம், பாபிலோனியம் என அது இரண்டு. பாலஸ்தீன யூதர்களின் தலைவர் யூதா ஹநாசி, “பாபிலோனின் ரேஷ் கலூதா ஹூனா இங்கே வந்தால் அவரை எனக்கு மேலான இடத்தில் அமர்த்துவேன்” என்கிறார். தமக்குத் தாவீதின் உறவு பெண்வழி, ஹூனாவுக்கோ ஆண்வழி என்பது காரணம். ஒருநாள் சீடர் வந்து ஹூனா வாசலில் இருப்பதாகச் சொல்ல, தலைவரின் முகம் வெளுத்துப்போகிறது. வந்திருந்தது ஹூனாவின் சவப்பெட்டி.

பாபிலோனின் இந்த ரேஷ் கலூதாக்கள் பெயரளவினர் அல்லர். நீதிபதிகளை நியமித்தார்கள், சந்தையைக் கண்காணிக்க ஆள் வைத்தார்கள், பாரசீக அரசவையில் தம் மக்களுக்காகப் பேசினார்கள். யூதாவை விட்டுச் செங்கோல் நீங்காது என்ற ஆதியாகம வரியை இவர்களுக்கே பொருத்தி உரை சொன்னது பாபிலோனியத் தல்மூது. 12ஆம் நூற்றாண்டில் பாக்தாதுக்கு வந்த பயணி, தூதெலா ஊர்ப் பெஞ்சமின், தானியேல் பென் ஹிஸ்தாய் என்ற தலைவர் கலீபாவைக் காணப் போகும் காட்சியை எழுதிவைத்திருக்கிறார். பட்டு உடை, பெரிய தலைப்பாகை, யூதரும் பிறரும் கலந்த குதிரை வீரர் காவல். ‘தாவீதின் மகனான நம் தலைவருக்கு வழிவிடுங்கள்’ என்று முன்னே கட்டியம் கூறிச் செல்வார்கள்.

இனி, ரேஷ் கலூதாவுக்கு ஏற்ற தமிழ்ச் சொல். ‘புலம்பெயர்ந்தோர் தலைவர்’ என்று எழுதத்தான் முதலில் கை போகும். ஆனால் பட்டினப்பாலையின் ‘புலம்பெயர் மாக்கள்’ காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது உறைந்தவர்கள். யாரும் அவர்களை விரட்டிக்கொண்டு வரவில்லை. இன்றோ போரில் ஊரை விட்டு ஓடியவரையும் வேலைக்குப் போனவரையும் அந்தச் சொல் சேர்த்தே குறிக்கிறது. கலூதாவில் உள்ள கட்டாயம் அதில் மங்கிவிடும். தமிழ் வேதாகமம் ‘சிறைப்பட்டுப்போனவர்கள்’ என்கிறது. யோயாக்கீன் தலைமுறைக்கு அது சரி. அதற்குப் பதினைந்து நூற்றாண்டு கழித்துப் பாக்தாதில் வணிகம் செய்த மக்களைச் சிறைப்பட்டவர் என்றால் இன்றைய வாசகர் கம்பிகளையே நினைப்பார். ‘நாடுகடத்தப்பட்டோர்’ என்பதிலும் இதே சிக்கல்: கடத்தப்பட்டது முன்னோர்தான்.

நான் ‘நாடிழந்தோர் தலைவர்’ என்று எழுதுகிறேன். இழப்பு தலைமுறை தாண்டியும் தொடரும் நிலை, கலூதாவும் அதுவே. ‘அரசர்’, ‘வேந்தர்’ இங்கே கூடாது. அரச குலத்தவராக இருந்தும் ‘மெலெக்’ என்ற அரசப் பட்டம் அவர்களுக்கு வழங்கவில்லை, ரேஷ் என்பதே வழங்கியது. முதல்முறை குறிப்பிடும்போது ‘நாடிழந்தோர் தலைவர் (ரேஷ் கலூதா)’ என மூலப் பெயரையும் சேர்த்து எழுதி, பிறகு தமிழ்ப் பெயரையே தொடரலாம். பாலஸ்தீனத் தலைவரின் பட்டம் ‘நாசி’. அவர் வேறு, இவர் வேறு.