டிரான்ஸ்லொகேஷன்: குடிபெயர்த்தலா, குடியமர்த்தலா?

அருகிவரும் பறவைகளைப் பற்றிய கட்டுரைகளில் ‘டிரான்ஸ்லொகேஷன்’ என்னும் சொல் அடிக்கடி வருகிறது. தமிழில் எழுதுவோர் பலர் அதை ‘இடமாற்றம்’ என்றோ ‘இடப்பெயர்ச்சி’ என்றோ எழுதிவிட்டுக் கடந்துவிடுகின்றனர். இரண்டுமே போதா என்பது என் கருத்து.

‘டிரான்ஸ்’ என்பது ‘கடந்து’, ‘அப்பால்’ எனப் பொருள்படும் இலத்தீன் முன்னொட்டு. ‘லோகுஸ்’ என்றால் இடம். மரபியலில் இச்சொல் ஒரு குரோமோசோமின் துண்டு பிரிந்து மற்றொன்றில் சேர்வதைக் குறிக்கும். தாவரவியலில் இலையில் உருவான சர்க்கரை பிற உறுப்புகளுக்குச் செல்வதைக் குறிக்கும். இவ்விரு துறைகளிலும் ‘இடப்பெயர்ச்சி’ தாராளமாகப் பொருந்தும், ஏனெனில் இரண்டும் தாமாக நிகழ்பவை. இயற்கைப் பாதுகாப்பில் நிலைமை வேறு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, உயிர்களை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் மனிதர் திட்டமிட்டு விடுவிப்பதே பாதுகாப்புக்கான டிரான்ஸ்லொகேஷன். அதன் பயன் கொண்டுசெல்லப்பட்ட சில உயிர்களோடு நின்றுவிடாமல், அந்த உயிர்த்தொகைக்கோ இனத்துக்கோ சூழலுக்கோ அளந்தறியும்படி கிடைக்க வேண்டும்.

இந்த இலக்கணத்துக்குச் சீஷெல்ஸ் கதிர்க்குருவியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பச்சை கலந்த பழுப்பு நிறமும் சுமார் 15 கிராம் எடையும் கொண்ட இப்பறவை, கிளைக்குக் கிளை தாவி, இலைகளின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைக் கொத்தி உண்ணும். பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். காடழிப்பாலும், மனிதரோடு வந்திறங்கிய எலி, பூனைகளாலும் இந்தியப் பெருங்கடலின் தீவுப் பறவைகள் பல அழிந்துகொண்டிருந்தபோது, 1960களில் உலகிலிருந்த இக்கதிர்க்குருவிகள் அனைத்தும் கூசான் என்னும் 29 ஹெக்டேர் தீவில் எஞ்சியிருந்த முப்பதுக்கும் குறைவானவையே. தென்னந்தோப்பாக மாற்றப்பட்டிருந்த அத்தீவைப் பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு மன்றம் 1968இல் வாங்கியது. தென்னங்கன்றுகளை அகற்றி, அத்தீவின் இயல்பான காட்டு மரங்களான பிசோனியா மீண்டும் தழைக்க இடம்விட்டதும், குருவிகளின் தொகை ஏறத்தாழ 320ஆக உயர்ந்து, தீவு தாங்கும் அளவை எட்டி நின்றது.

அந்த நிலையில்தான் டிரான்ஸ்லொகேஷன் தேவைப்பட்டது. எல்லாக் குருவிகளும் ஒரே தீவில் இருக்கையில் ஒரு புயலோ ஒரு நோயோ இனத்தையே முடித்துவிடக்கூடும். அவை தாமாகப் பரவவுமில்லை. பறக்கும் வலிமை இருந்தும், 2 கிலோமீட்டர் அளவே தள்ளியுள்ள கூசீன் தீவுக்குக்கூட அவை கடல் கடந்து செல்வது மிக மிக அரிது. ஆகவே 1988இல் 29 பறவைகளை அரீட் தீவுக்கும், 1990இல் 29 பறவைகளைக் கூசீனுக்கும், 2004இல் 58 பறவைகளை டெனிஸ் தீவுக்கும், 2011இல் 59 பறவைகளை ஃப்ரிகேட் தீவுக்கும் ஆய்வாளர்கள் கொண்டுசென்றனர். பூச்சிகள் மிகுந்த அரீட்டில் அவை ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் செய்தன. கூசானில் காலியான இடங்களைப் பிற குருவிகள் நிரப்பிக்கொண்டதால் தாய்த்தொகையும் குறையவில்லை. 2015இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இவ்வினம் ‘அழிவாய்ப்பு இனம்’ என்ற நிலையிலிருந்து, அபாயம் குறைந்த ‘அச்சுறுத்தலை அண்மித்த இனம்’ என்ற நிலைக்கு மாறியது.

இத்தனையையும் ‘இடமாற்றம்’ என்னும் அலுவலகச் சொல் எப்படித் தாங்கும்? பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை என்னும் வேறுபாடு தமிழில் இருப்பதால், ‘குடிபெயர்த்தல்’ என்றால் செய்பவர் மனிதர் என்பது விளங்கிவிடும். தானாக நிகழும் வலசையோடு குழப்பமும் வராது. ஆனால் அச்சொல் கிளம்புவதோடு நின்றுவிடுகிறது. செடியைக்கூட நாம் வெறுமனே பெயர்ப்பதில்லை, பெயர்த்து நடுகிறோம். போய்ச் சேர்ந்த இடத்தில் வேர்கொள்ளச் செய்வதையும் உணர்த்துவதால் ‘குடியமர்த்தல்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

குடி என்பது மனிதருக்கு உரியதல்லவா எனச் சிலர் கேட்கலாம். குடி என்ற சொல்லுக்குக் குடும்பம், வழிமரபு என்ற பொருள்களும் உண்டு. இக்கதிர்க்குருவிகளிலோ வளர்ந்த பிள்ளைகள், குறிப்பாகப் பெண் குருவிகள், பெற்றோரின் எல்லைக்குள்ளேயே தங்கி அடுத்த குஞ்சுக்கு இரையூட்டி உதவுகின்றன. இப்படி வாழும் பறவைக்குக் குடி என்னும் சொல் மிகையாகாது.

கிளைச்சொற்களையும் இதிலிருந்தே அமைத்துக்கொள்ளலாம். முன்பு வாழ்ந்து மறைந்துபோன இடத்தில் ஓர் இனத்தை மறுபடி விடுவது மீள்குடியமர்த்தல். முன்பு வாழ்ந்திராத இடத்தில் அழிவுக்கு அஞ்சி விடுவது புதுக்குடியமர்த்தல். இருக்கும் தொகையோடு மேலும் சிலவற்றைச் சேர்ப்பது வலுவூட்டல். ஆளும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: பறவைகளைத் தீவில் விடுவித்த நாளின் செய்தியில் ‘குடிபெயர்த்தனர்’ என்று எழுதுவதே சரி, அங்கே பிறந்த குஞ்சுகள் வளர்ந்து தாமும் கூடு கட்டிய பின்னரே ‘குடியமர்த்தினர்’ என்று எழுதலாம்.