விமானி வீட்டில் குழந்தை: அமெரிக்கப் படையின் 12 வாரப் பெற்றோர் விடுப்பு

அமெரிக்க விமானப்படையில் முழுநேரப் பணியில் இருப்பவருக்குக் குழந்தை பிறந்தால், அவர் தாயானாலும் தந்தையானாலும், முழுச் சம்பளத்தோடு 12 வாரம் விடுப்பு உண்டு. தரைப்படை, கடற்படை, மரைன் படைக்கும் இதே விதிதான். 2021 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான பாதுகாப்புச் சட்டத்தில் வந்த மாற்றம் இது. சரியாக ஒரு வருடம் கழித்து நடைமுறைக்கு வந்தது. விதி இவ்வளவு எளிதாக இருந்தும், விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு இளம் லெப்டினன்ட் அந்த 12 வாரத்தை முழுதாக எடுப்பது எளிதல்ல. பயிற்சியை நடுவில் நிறுத்த முடியாது, பண்டிகைக்கால விடுமுறை சொந்த லீவைத் தின்றுவிடும், கைக்குழந்தையோடு மனைவி தனியாக இருப்பார்.

அமெரிக்கக் குடியுரிமை இருந்தால்தான் அங்கே ராணுவ அதிகாரி ஆக முடியும். அங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் சிலரும் படையில் சேர்கிறார்கள். “மருமகளுக்குப் பிரசவம், பையனுக்கு லீவு தருவாங்களா?” என்று இங்கிருந்து கேட்கும் பெற்றோருக்கும் இந்த விளக்கம் பயன்படும்.

முதலில் பழைய நிலைமை. நெடுங்காலம் தந்தைக்கு 10 நாள்தான். 2018-ல் விமானப்படை அதை 21 நாளாக்கியது. அப்போதும் ‘முதன்மைப் பராமரிப்பாளர்’, ‘இரண்டாம் பராமரிப்பாளர்’ என்று பெற்றோரை இரண்டாகப் பிரித்து, பின்னவருக்குக் குறைவாகவே கொடுத்தது. புதிய விதி அந்தப் பிரிவினையையே நீக்கிவிட்டது. பெற்ற தாய், தந்தை, தத்தெடுத்தவர், நீண்டகால வளர்ப்புப் பொறுப்பை ஏற்றவர் எல்லாருக்கும் ஒரே 12 வாரம். நம் மத்திய அரசு ஊழியரான தந்தைக்குக் கிடைப்பது 15 நாள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு தாராளம் என்று தெரியும்.

தாயே படையில் இருந்தால் கணக்கு இன்னும் கொஞ்சம் நீளும். பிரசவம் ஆனதும் உடல் தேற மருத்துவர் எழுதிக்கொடுக்கும் விடுப்பு தனி. வழக்கமாக அது 6 வாரம். அது முடிந்த பிறகுதான் பெற்றோர் விடுப்பு தொடங்கும். ஆக மொத்தம் ஏறக்குறைய 18 வாரம். கணவன், மனைவி இருவரும் படையில் இருந்தால் இருவருக்கும் தனித்தனியே 12 வாரம். ஒரே நேரத்திலும் எடுக்கலாம், ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்கலாம். இரட்டைக் குழந்தை என்பதற்காக 24 வாரம் கிடைக்காது, அது ஒரே பிரசவம்தான். தந்தையும் தாயும் சட்டப்படி மணம் புரியாதவர்கள் என்றால், தந்தை என்பதை முதலில் ஆவணத்தில் நிறுவியாக வேண்டும்.

இனி, பலரும் குழம்பும் இடம். படைவீரர் வீட்டில் இருக்கும் நாட்கள் எல்லாம் ஒரே கணக்கில் வருவதில்லை.

சொந்த லீவு மாதத்துக்கு 2.5 நாள், வருடத்துக்கு 30 நாள் சேரும். ‘முப்பது நாளா!’ என்று தோன்றும். ஆனால் லீவின் நடுவே வரும் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாமும் அதில் கழியும். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு லீவு, அடுத்த திங்கள் முதல் வெள்ளி வரை இன்னொரு லீவு என்று எழுதி, இடையில் வரும் இரண்டு நாளை மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியத்துக்கும் விதியில் இடமில்லை. அவசரம் என்றால் மட்டும் விலக்கு. செப்டம்பர் 30-ல் நிதியாண்டு முடியும்போது 60 நாளுக்கு மேல் கையில் இருந்தால், பொதுவாக அந்த உபரி போய்விடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்தக் கவலையே வராது. ஆறு மாதம் ஆனவரிடம் இருப்பது 15 நாள்தான்.

அந்த 15 நாளையும் கிறிஸ்துமஸ் கொண்டுபோய்விடும். டிசம்பர் கடைசியில் பயிற்சித் தளங்களில் பறப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். கல்லூரி விடுமுறை மாதிரி அது இலவசம் என்று வீட்டில் நினைப்பார்கள். கிறிஸ்துமஸ் நாளும் புத்தாண்டு நாளும்தான் அரசு விடுமுறை. இடைப்பட்ட நாட்களில் ஊருக்குப் போனால் சொந்த லீவில் கழியும், அப்போது அந்த இரண்டு விடுமுறை நாளும் சேர்ந்தே கழியும். நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றித் திருநாள் பரவாயில்லை. வியாழக்கிழமை விடுமுறை; தளபதி வெள்ளிக்கிழமையையும் சேர்த்து விட்டுக்கொடுத்தால் நான்கு நாள், லீவில் கை வைக்காமலே கிடைக்கும்.

பெற்றோர் விடுப்பு இதிலெல்லாம் சேராது. சொந்த லீவில் ஒரு நாள்கூடக் குறையாது. ஆகவே குழந்தை பிறந்த வாரத்தில், பழக்கதோஷத்தில் சாதாரண லீவு விண்ணப்பம் போடாமல், பெற்றோர் விடுப்பு என்றே குறிப்பிட்டுப் போட வேண்டும். டிசம்பரில் பயிற்சி நிற்கும் சமயத்தில் கைக்குழந்தை இருந்தால், அந்த நாட்களையும் பெற்றோர் விடுப்பாகவே கேட்கலாம். சேர்த்துவைத்த லீவு பின்னால் உதவும்.

மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. குழந்தை பிறந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் எடுத்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் வீணாகும். போர்ப் பணி போன்ற காரணத்தால் எடுக்க முடியாமல் போனவருக்கு அந்தக் கெடுவை நீட்டித் தர வழி இருக்கிறது. அதுவும் கேட்டால்தான் கிடைக்கும். ஒரே மூச்சில் எடுக்கத் தேவையில்லை, பிரித்து எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் குறைந்தது 7 நாள். மூன்றாவது, எப்போது எடுப்பது என்பதில் கமாண்டரின், அதாவது பிரிவின் தளபதியின், சொல்லுக்கு எடை அதிகம். குடும்பத்தின் தேவையையும் பிரிவின் தேவையையும் அவர் சீர்தூக்கி, விடுப்பை முடிந்தவரை பயன்படுத்த வழி செய்ய வேண்டும் என்பது விதி. ‘இந்த வாரம் முடியாது’ என்று சொல்லலாம். ‘உனக்கு இந்த உரிமையே இல்லை’ என்று சொல்ல முடியாது.

அந்த 7 நாள் விதிதான் பயிற்சியில் இருப்பவரை வாட்டும் என்பது என் கருத்து. அலுவலக வேலையில் இருப்பவர் ஒரு வாரம் போய்விட்டு வந்தால் விட்ட இடத்தில் தொடரலாம். விமானப் பயிற்சி அப்படி அல்ல. மிசிசிப்பியில் கொலம்பஸ், டெக்சாஸில் லாஃப்லின், ஷெப்பர்டு, ஓக்லஹோமாவில் வான்ஸ் ஆகிய தளங்களில் நடக்கும் அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய ஒரு வருடம். டி-6 என்னும் பயிற்சி விமானத்தில் முந்தாநாள் கற்றதன் மேல்தான் இன்று கற்பது நிற்கும். ஒரு வாரம் பறக்காவிட்டால் கை மறக்கும். இரண்டு மூன்று வாரம் போனால் கூட இருந்த வகுப்பு முன்னே போய்விடும், இவரைப் பின்னால் வரும் வகுப்பில் சேர்ப்பார்கள். ‘வாஷ் பேக்’ என்பார்கள். குடும்பக் காரணத்துக்காக அப்படி மாறுவது தோல்வி ஆகாது. இருந்தும் இளம் மாணவர்கள் அந்தச் சொல்லுக்கே அஞ்சி, குழந்தை பிறந்த நாலாம் நாள் விமானத்தில் ஏறி உட்கார்வதுண்டு. ராத்திரி முழுக்க விழித்துவிட்டுக் காலையில் பறப்பது வீரம் அல்ல, ஆபத்து. உறக்கம் போதவில்லை என்றால் பறக்கக் கூடாது என்பதே விமானப்படை ஒழுங்கு. பயிற்றுநரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

சரி, என்னதான் செய்வது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்டோபர் முதல் வாரம் குழந்தை பிறக்கிறது. மார்ச் கடைசியில் அடிப்படைப் பயிற்சி முடிந்து தந்தைக்கு விமானியின் ‘விங்ஸ்’ சின்னம் கிடைக்கும். அடுத்து, அவருக்கு ஒதுக்கப்பட்ட விமானத்துக்கான தனிப்பயிற்சி ஜூலையில். அக்டோபரில் இரண்டு வாரம் மட்டும் எடுத்தால் பெரும்பாலும் அதே வகுப்பில் எட்டிப்பிடித்துவிடலாம். மீதி 10 வாரம் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஜூன் நடு வரை. அடுத்த அக்டோபருக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரு பயிற்சிக்கும் அடுத்த பயிற்சிக்கும் நடுவே இப்படிக் காத்திருக்கும் காலம் பலருக்கும் வரும். பெரிய துண்டை அங்கே போடுவதுதான் புத்திசாலித்தனம். அந்த இடைவெளியிலேயே வாஷிங்டன் மாநிலத்தின் ஃபேர்சைல்டு தளத்துக்கு, எதிரி மண்ணில் விழுந்தால் உயிர் பிழைக்கும் பயிற்சிக்கும் அனுப்புவார்கள். ஆகையால் தேதிகளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, கர்ப்பம் உறுதியானவுடனே ஸ்குவாட்ரனில், அதாவது அவர் சேர்ந்திருக்கும் விமானப் பிரிவில், சொல்லி வைக்க வேண்டும். பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பு போய்ச் சொன்னால் யாராலும் அட்டவணையை மாற்ற முடியாது.

அந்தப் பயிற்சியின்போதோ வெளிநாட்டுப் பணியிலோ அவர் இருக்கையில் மனைவிக்குப் பிரசவ வலி வந்துவிட்டால், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகச் செய்தி அனுப்பலாம். அவர்கள் மருத்துவமனையில் விசாரித்து உறுதிசெய்து கமாண்டருக்குத் தெரிவிப்பார்கள். வீட்டில் இருப்பவர் படைவீரரின் முழுப்பெயர், பதவி, பிரிவின் பெயர் ஆகியவற்றை எழுதி வைத்திருக்க வேண்டும்.

பயிற்சி முடித்து ஸ்குவாட்ரனில் சேர்ந்த விமானிக்கு வேறு கணக்கு. குறிப்பிட்ட நாட்களுக்குள் பறக்காவிட்டால், மறுபடி பயிற்றுநரோடு பறந்து தகுதியை மீட்ட பிறகே தனியாகப் பறக்க விடுவார்கள். 12 வாரம் போய்விட்டு வந்தால் இது நிச்சயம். சில நாள் வேலைதான், அதற்காக விடுப்பைத் துறக்க வேண்டியதில்லை.

பெண் விமானிகளுக்கு ஒரு குறிப்பு. கர்ப்பமாக இருக்கும்போது பறக்கலாமா என்பதில் விதி மாறி மாறி வந்திருக்கிறது. 2022-ல் வந்த விதிப்படி, சிக்கலில்லாத கர்ப்பம், நடு மூன்று மாதம், ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கை இல்லாத விமானம் என்றால் தனி அனுமதிகூட இல்லாமல், விரும்பினால் பறக்க முடிந்தது. மற்ற சூழலில் கேட்டு அனுமதி பெற முடிந்தது. இப்போதைய விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பிரசவத்துக்குப் பின் 12 மாதம் வெளிநாட்டுப் போர்ப் பணிக்கு அனுப்புவதில்லை. அதே 12 மாதம் உடற்தகுதித் தேர்விலிருந்தும் விலக்கு.

அடுத்தது காகித வேலை. பிறந்த குழந்தையை டீர்ஸ் என்னும் படைக்குடும்பப் பதிவேட்டில் அமெரிக்காவுக்குள் என்றால் 90 நாளுக்குள், வெளிநாட்டில் என்றால் 120 நாளுக்குள் சேர்க்க வேண்டும். ‘டிரைகேர்’ மருத்துவக் காப்பு பிறந்த நாளிலிருந்தே உண்டு, ஆனால் இந்தக் கெடுவைத் தவறவிட்டால் மருத்துவமனைப் பில் வீட்டுக்கு வரத் தொடங்கும். பிறப்புச் சான்றிதழ் போதும். சோஷியல் செக்யூரிட்டி எண் என்னும் அரசு அடையாள எண் வந்ததும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆயுள் காப்பீட்டில் குழந்தைக்கு 10,000 டாலர் தானாகவே, பிரீமியம் இல்லாமல் சேர்ந்துவிடும். வீட்டு வாடகைப் படி மட்டும் பலருக்கு ஏமாற்றம் தரும்: மணமானவர் என்ற வகையில் ஏற்கனவே ‘சார்ந்தோர் உள்ளவர்’ விகிதத்தில்தான் வாங்கிக்கொண்டிருப்பார், குழந்தை பிறந்ததால் ஒரு டாலரும் அதிகமாகாது.

தளத்துக்குள்ளேயே இருக்கும் குழந்தைக் காப்பகம் 6 வாரக் குழந்தையிலிருந்து எடுத்துக்கொள்ளும், கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. காத்திருப்போர் பட்டியல் பல இடங்களில் நீளம். வயிற்றில் இருக்கும்போதே பதிந்துகொள்ள அனுமதி உண்டு, அதைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமே இல்லை. விமானப்படை உதவிச் சங்கம் குழந்தையை எதிர்பார்க்கும் குடும்பங்களுக்கு வகுப்பு நடத்தி, குழந்தைக்கான உதவியும் தரும். புதிய பெற்றோருக்கு உதவும் செவிலியர் வீடு தேடி வருவதும் உண்டு, குழந்தைக்கு மூன்று வயதாகும் வரை.

கடைசியாக, இங்கிருந்து பிரசவம் பார்க்கப் போகும் அம்மாவுக்கும் அத்தைக்கும். மகன் வீடு தளத்தின் வேலிக்குள் இருந்தால், விசா இருந்துவிட்டால் மட்டும் வாயிலைத் தாண்டிப் போக முடியாது. வெளிநாட்டுக் குடிமகன் தளத்துக்குள் வர முன் அனுமதி வேண்டும். பின்னணி விசாரித்துத்தான் கொடுப்பார்கள். டிக்கெட் எடுத்த அன்றே பாஸ்போர்ட் விவரத்தை மகனுக்கு அனுப்பி, தளத்தின் பார்வையாளர் மையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.