சிறப்புப் பதிப்பும் ஒரு பூதக்கண்ணாடியும்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பழைய தொடர்கதை ஒன்றை, அது வந்த காலத்துப் படங்களோடு சிறப்புப் பதிப்பாகப் போட்டிருக்கிறார்கள். கெட்டி அட்டை, துணி முதுகு, மேலே ஒரு பெட்டி. விலை 3,500 ரூபாய். கொடுக்கலாமா?” கூடவே படம் உள்ள பக்கம் ஒன்றை மொபைலை மிக அருகில் வைத்து எடுத்து அனுப்பியிருந்தார். படத்தில் நாயகியின் புடவை முழுக்க அலை அலையாக ஒரு கோலம். ஓவியர் வரைந்த கோலம் அல்ல அது.

கட்டமைப்பை முதலில் முடித்துவிடலாம். புத்தகத்தின் முதுகை மேலிருந்து பாருங்கள். பாரம் பாரமாக, அதாவது பக்கங்களைக் கட்டுக் கட்டாக மடித்து நூலால் தைத்திருந்தால் நல்லது. ஒற்றைத் தாள்களை அடுக்கிப் பசை தடவி ஒட்டியிருந்தால், மேலே எத்தனை கெட்டியான அட்டை போட்டாலும் அது பெர்ஃபெக்ட் பைண்டிங்தான். நாலு முறை விரித்துப் படித்தால் தாள் கையோடு வரும். காகிதத்தின் இழைகள் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பக்கங்கள் விறைத்து நிற்கும், மழைக்காலத்தில் முதுகோரம் நெளியும். அமிலம் கலந்த காகிதம் பழுப்பேறி உடையும் என்பது பள்ளிப் பாடம். படங்களுக்காக ஆர்ட் பேப்பர் போட்டிருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்த வழவழப்பு வெள்ளைக் களிமண் பூச்சு. நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. வெள்ளம் வந்த வீடுகளில் வழவழப்பான படப் புத்தகங்கள் வைத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சரி, படங்களுக்கு வருவோம்.

அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. ஓரிடத்தில் மை வைக்கும், இல்லையென்றால் வைக்காது. அப்படியானால் நிழலும் மேகமும் எப்படி வருகின்றன? படத்தை நுண்ணிய புள்ளிகளாக உடைத்துவிடுகிறார்கள். இருட்டான இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சமான இடத்தில் சின்னப் புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள தூரம் மாறாது. நல்ல புத்தக அச்சில் ஓர் அங்குலத்துக்கு 150 வரிசை என்றால், அந்தத் தூரம் 0.17 மில்லிமீட்டர். ஓரடி தள்ளிப் பிடித்துப் படிக்கும் கண் இதைப் புள்ளியாகப் பார்ப்பதில்லை, சாம்பலாகக் கலந்துகொள்கிறது. இதுதான் ஹாஃப்டோன்.

ஒரே மை என்றால் கதை இத்தோடு முடிந்தது. வண்ணப் படத்துக்கு நான்கு மை வேண்டும்: நீலப்பச்சை, செவ்வூதா, மஞ்சள், கறுப்பு. ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு புள்ளி வலைகள். இங்கேதான் வில்லங்கம். கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எந்த மடிப்பிலும் இல்லாத பெரிய பெரிய அலைகள் தோன்றும். ஒரே இடைவெளியுள்ள இரண்டு வலைகள் சற்றே கோணம் விலகினால், கண்ணி கண்ணியோடு பொருந்தும் இடமும் பொருந்தாத இடமும் மாறி மாறி வரும். அந்த மாறல்தான் அலை. இதற்கு மொய்ரே என்று பெயர்.

அலையின் அகலத்தைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். புள்ளி இடைவெளியை, கோணத்தில் பாதியின் சைன் மதிப்பைப் போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். நம் 0.17 மில்லிமீட்டர் வலைகள் இரண்டும் 1 பாகை விலகினால் அலையின் அகலம் கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர். முகத்தின் நடுவில் பட்டை பட்டையாக விழும். 15 பாகை விலகினால் 0.65 மில்லிமீட்டர். 30 பாகை விலகினால் 0.33 மில்லிமீட்டர், அவ்வளவு சின்ன அலையைக் கண் பொருட்படுத்தாது. ஆக, மொய்ரேயை அச்சுக்காரர்கள் ஒழிக்கவில்லை. கண்ணுக்குத் தட்டாத அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். எனக்கு இந்தத் தந்திரம் ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் சதுர வலையை 90 பாகை திருப்பினால் பழைய நிலைக்கே வந்துவிடும். எனவே கையில் இருப்பது 90 பாகைதான். 30, 30 ஆகப் பிரித்தால் மூன்று வலைகளுக்குத்தான் இடம். மையோ நான்கு! யாராவது ஒருவர் நெருக்கியடித்து உட்கார வேண்டும். கறுப்புதான் பளிச்சென்று தெரியும் மை. சாய்ந்த கோடுகளை நம் கண் சற்று மந்தமாகவே பார்க்கும் என்பதால் அதற்கு 45 பாகை. நீலப்பச்சைக்கு 15, செவ்வூதாவுக்கு 75. மிஞ்சிய மஞ்சளை 0 பாகையில் வைத்தார்கள். இரண்டு பக்கமும் 15 பாகைதான் இடைவெளி, எனவே அலை கொஞ்சம் பெரிதாகத்தான் வரும். ஆனால் வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள் மங்கலாகத் தெரிவதால் அந்தக் குறை வெளியே வராது. பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் ஒரு நல்ல வண்ணப் பக்கத்தைப் பாருங்கள், புள்ளிகள் சின்னச் சின்ன ரோஜா வட்டங்களாகச் சேர்ந்திருக்கும். கோணங்கள் சரியாக அமைந்ததற்கு அதுவே அடையாளம்.

இந்த வலையைத் துருவி ஆராய்ந்தவர்களில் ஒருவர் கல்கத்தாக்காரர். உபேந்திரகிஷோர் ராய், சத்யஜித் ராயின் தாத்தா. குழந்தைகளுக்காக எழுதிய ராமாயணத்துக்குத் தானே படம் வரைந்தார். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டதில் படங்கள் பாழாகிவிட்டன. மனிதர் புலம்பிவிட்டு விடவில்லை. இங்கிலாந்திலிருந்து நூல்களையும் ரசாயனங்களையும் கருவிகளையும் வரவழைத்து, ஹாஃப்டோன் ப்ளாக், அதாவது புள்ளிப் படத்துக்கான அச்சுத் தகடு எடுப்பதைத் தானே கற்றார். அப்புறம், படத்தைப் புள்ளிகளாக உடைக்க உதவும், கோடுகள் 60 பாகையில் வெட்டிக்கொள்ளும் திரை உட்படப் பல நுட்பங்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். அச்சுத் துறைக்கான இலண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலர் அவற்றை வெளியிட்டது. பல்கலைக்கழகமும் நிதியும் பின்னால் இல்லாமல் சொந்தக் காசில் செய்த ஆராய்ச்சி. இன்றைக்கு ஒருவர் அச்சுப் புள்ளியைப் பற்றி ஆராய நிதி கேட்டால் அவரை எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்தப் புடவை. ஓவியரின் மூல ஓவியத்தில் புள்ளியே கிடையாது, தூரிகை கரைத்த நிழல்தான். பழைய வார இதழில் அது அச்சானபோது ஒரு புள்ளி வலை ஏறியது. பதிப்பாளருக்கு மூலம் கிடைக்காததால் அந்த இதழின் பக்கத்தை ஸ்கேன் செய்திருக்கிறார். ஸ்கேனருக்கு ஒரு வலை. புதிய அச்சுக்கு இன்னொரு வலை. இந்த வலைகளின் கோணத்தையும் இடைவெளியையும் யாரும் கணக்குப் பார்த்து வைக்கவில்லை. விளைவு, புடவை முழுக்கக் கடலலை. மென்பொருளில் புள்ளிகளைக் கரைத்து அலையைப் போக்கலாம். அப்படிச் செய்தால் புள்ளியோடு சேர்ந்து மூக்கின் கூர்மையும் கண்ணிமையும் கரையும். அலையா, மங்கலா, எது வேண்டும் என்று கேட்கிற நிலைமை.

வெறும் கோட்டோவியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் கறுப்பு, வெள்ளை இரண்டே. புள்ளி வலையே தேவையில்லை. 1930இல் சிகாகோவின் லேக்சைட் அச்சகம் ‘மோபி டிக்’ நாவலை ராக்வெல் கென்ட் வரைந்த 280 படங்களோடு மூன்று தொகுதிகளாக, அலுமினியப் பெட்டியில் வைத்து, 1,000 பிரதிகள் போட்டது. மரச் செதுக்கு போலத் தோன்றும் அந்தப் படங்கள் உண்மையில் மையால் வரைந்தவை. அதே ஆண்டு ரேண்டம் ஹவுஸ் ஒரே தொகுதியாக மலிவுப் பதிப்பும் கொண்டுவந்தது. அதன் அட்டையில் கென்ட் பெயர் இருந்தது, நாவலாசிரியர் மெல்வில் பெயரைக் காணோம்! கோடு கோடாகவே இருப்பதால் மலிவுப் பதிப்பிலும் படங்களின் உயிர் போகவில்லை. இரண்டுக்கும் சந்தையில் உள்ள பெரிய விலை வித்தியாசத்தைத் தீர்மானிப்பது பிரதிகளின் எண்ணிக்கையும், அந்தப் பெட்டியும், இன்றுள்ள நிலையும்தான்.

1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்ததைப் போன்ற பழைய படங்களையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். தூரிகைக் கோடு மட்டும் உள்ள படம் என்றால், நல்ல இதழ்ப் பிரதியை அங்குலத்துக்கு 1,200 புள்ளிகளில் ஸ்கேன் செய்து சுத்தமான கறுப்பாக மாற்றி மறுபடி அச்சிட முடியும். நிழல் பூசிய படத்துக்கு மூல ஓவியம்தான் கதி. ஒரு முறை புள்ளியாக உடைந்தபின் போன தகவல் திரும்பாது. அதனால்தான் ஓவியர்களின் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் மூலங்களைத் தேடி ஸ்கேன் செய்ய அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்கிறேன். ஒரு நூற்றாண்டு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவில் ஆயிரக்கணக்கான படங்களைக் காப்பாற்றிவிடலாம்.

சிறப்புப் பதிப்பின் ஒவ்வொரு பிரதியிலும் போடும் வரிசை எண்ணைப் பற்றியும் வாசகி கேட்டிருந்தார். கூட்டுத்தொகை 8 வராத எண்ணாகப் பார்த்து வாங்கச் சொன்னாராம் அவருடைய மாமா. ஆஃப்செட் அச்சில் 1ஆம் பிரதிக்கும் 1,000ஆம் பிரதிக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கிடையாது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி எடுக்கும் அச்சு போன்றவற்றில்தான் உண்டு. கீறலின் ஓரத்துப் பிசிறு சில பத்துப் பிரதிகளிலேயே நசுங்கிவிடுவதால், முதலில் எடுத்தவை செழிப்பாக இருக்கும். சின்ன எண்ணுக்குக் கூடுதல் மதிப்பு என்பது அந்த வகை அச்சில் பொருளுள்ளது, மற்றதில் வெறும் ஆசை. மாமாவின் 8க்கு எந்த அச்சிலும் இடமில்லை.

அம்மா, உங்கள் புத்தகத்தின் தையல் நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கதைக்கும் பைண்டிங்குக்கும் 1,500 ரூபாய் வரை கொடுக்கலாம். படங்களுக்காக மீதி 2,000 கேட்டால் நான் தரமாட்டேன். அடுத்த பதிப்புக்கு முன்பதிவு அறிவித்தால், பதிப்பாளருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்: படங்களை மூல ஓவியத்திலிருந்து எடுத்தீர்களா, இதழிலிருந்தா?