கீப்பர் இடத்தில் வேறொருவன் நின்றிருந்தால்?

கொடுங்கையூரில் ஒரு செவன்ஸ் ஃபுட்பால் ஆட்டத்தில், அணிக்கு ஏழு பேர், நான் கீப்பராக நின்று ஆறு கோல் வாங்கினேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் வியாசர்பாடி டீக்கடைக்குள் நுழைந்தால் "வா ஆறு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு எங்கள் டிஃபென்ஸில் நின்ற இரண்டு பேர் முந்தின ராத்திரி கல்யாண வீட்டில் விடிய விடியக் கண் விழித்தவர்கள். எதிரணி ஃபார்வர்டு பந்தும் கையுமாக, இல்லை, பந்தும் காலுமாக, என் எதிரே தனியாளாக வந்து நின்றது எத்தனை தடவை என்று எனக்கே கணக்கில்லை. அதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை. ஆறு மட்டும் இருக்கிறது.

இந்தச் சொந்தக் கடுப்பில்தான் கீப்பர்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் இந்த விவாதம் ஓயாது. உலகக்கோப்பை வந்தால் தெருவுக்குத் தெரு பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் கட்டுகிற ஊர். கீப்பர்களில் யாஷின் பெரியவரா நோயர் பெரியவரா, அணியை நடத்தும் மேனேஜர்களில் ஃபெர்குசன் பெரியவரா கார்டியோலா பெரியவரா என்று ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். இதில் ஒரு பக்கம் பார்த்தால் அறிவியலே இல்லை, வெறும் பாசம். இன்னொரு பக்கம் நல்ல கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு கேட்பது ஒரே கேள்விதான்: அதே இடத்தில் சுமாரான ஓர் ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

முதலில் ரொம்பப் பேர் நம்புகிற அளவுகோல், க்ளீன் ஷீட். அதாவது கோலே வாங்காத ஆட்டங்கள். 2004–05 இங்கிலாந்து பிரீமியர் லீகில் செல்சி கீப்பர் பீட்டர் செக் 24 க்ளீன் ஷீட் வைத்தார். 38 ஆட்டங்களில் அந்த அணி வாங்கியதே 15 கோல்தான். செக் பெரிய கீப்பர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு முன்னால் டிஃபென்ஸில் ஜான் டெர்ரி, ரிக்கார்டோ கார்வாலோ, அவர்களுக்கும் முன்னால் க்ளோட் மக்கலேலே. இவர்களைத் தாண்டி வந்து சேர்ந்த பந்துகள் எத்தனை, எப்படிப்பட்டவை? க்ளீன் ஷீட் அதைச் சொல்லாது. பதினோரு பேர் சம்பாதித்ததை ஒருவர் பேரில் வரவு வைக்கிற கணக்கு அது.

சரி, வந்த ஷாட்டுகளில் எத்தனை சதவீதம் தடுத்தார் என்று பார்க்கலாமே? கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் எல்லா ஷாட்டும் ஒன்றா? முப்பது மீட்டருக்கு அப்பாலிருந்து நேராக நெஞ்சுக்கு வருவதும், ஆறு மீட்டரில் மூலைக்குப் போவதும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

இங்கேதான் "எதிர்பார்க்கப்படும் கோல்" என்ற கருத்து வருகிறது. ஆயிரக்கணக்கான பழைய ஷாட்டுகளை எடுத்து, இவ்வளவு தூரத்தில், இந்தக் கோணத்தில், காலாலோ தலையாலோ அடித்தால் நூற்றுக்கு எத்தனை கோலாகிறது என்று பார்க்கிறார்கள். பெனால்டி என்றால் நூற்றுக்கு 75-க்கு மேல். கீப்பருக்கென்று போடும்போது இன்னொரு படி உண்டு. பந்து காலை விட்டுக் கிளம்பிய பிறகு கம்பங்களுக்கு நடுவே எந்த இடத்துக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வெளியே போகும் பந்துக்குப் பூஜ்யம். மேல்மூலைக்குப் போகும் பந்துக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் மதிப்பு. எல்லாவற்றையும் கூட்டினால் "சராசரி கீப்பர் இத்தனை கோல் வாங்கியிருப்பார்" என்று ஓர் எண் கிடைக்கும். அதிலிருந்து உண்மையில் வாங்கியதைக் கழி.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். முதல் கீப்பருக்குப் பத்து ஷாட், எல்லாம் தூரத்திலிருந்து, ஒவ்வொன்றும் கோலாக வாய்ப்பு 0.1. சராசரி ஆள் ஒரு கோல் வாங்குவான். இவர் இரண்டு வாங்கினார். இரண்டாவது கீப்பருக்கும் பத்து ஷாட், எல்லாம் கிட்டத்தில், ஒவ்வொன்றும் 0.5. சராசரி ஆள் ஐந்து வாங்குவான். இவர் வாங்கியது நான்கு. தடுத்த சதவீதம் பார்த்தால் முதலாமவர் 80, இரண்டாமவர் 60. ஆனால் முதலாமவர் அணிக்கு ஒரு கோல் நஷ்டம் வைத்தார், இரண்டாமவர் ஒரு கோல் லாபம் தந்தார். (என் ஆறு கோலை இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு ஆசை. வீடியோ இல்லை. பிழைத்தார்கள் டிஃபென்ஸ்காரர்கள்.)

2022 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் மூன்று கோல் வாங்கினார். எண்ணிக்கையாகப் பார்த்தால் கேவலம். ஆனால் மூன்றில் இரண்டு பிரான்சின் எம்பாப்பே அடித்த பெனால்டி. பெனால்டி புள்ளி 11 மீட்டரில் இருக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பந்து வந்து சேர 0.44 விநாடி. கண் பார்த்து உடம்பு அசையவே 0.2 விநாடி போய்விடும். மீதி கால் விநாடிக்குள் கம்பம் வரை பாயவேண்டும், அதாவது நடுவிலிருந்து 3.66 மீட்டர். அதனால்தான் கீப்பர்கள் பந்து கிளம்பும் முன்பே ஒரு பக்கம் முடிவு செய்துவிடுகிறார்கள். அப்புறம் 123-வது நிமிஷத்தில் கோலோ முவானி தனியாளாக வந்து அடித்ததை இடது காலை நீட்டித் தடுத்தாரே, அதுதான் லாபக் கணக்கு.

அந்தத் தடுப்பை டீக்கடையில் எல்லாரும் கால் நீட்டிக் காட்டுவார்கள். காலை விட முக்கியம் அவர் நின்ற இடம். கோல் அகலம் 7.32 மீட்டர். நேர் எதிரே பத்து மீட்டரில் ஒருவன் அடிக்கப்போகிறான் என்று வைத்துக்கொள்வோம். கீப்பர் கோட்டிலேயே நின்றால் 7.32 மீட்டரையும் காக்கவேண்டும். மூன்று மீட்டர் முன்னால் வந்தால், அடிப்பவன் காலிலிருந்து விரியும் முக்கோணம் அந்த இடத்தில் 5.12 மீட்டர்தான். இரண்டு மீட்டருக்கு மேல் மிச்சம். ஆனால் பந்து வந்து சேரும் நேரமும் 0.4 விநாடியிலிருந்து 0.28-க்குக் குறைந்துவிடும், தலைக்கு மேல் தூக்கிப் போடவும் வழி கிடைக்கும். இந்த இழுபறியை ஒரு நொடிக்குள் தீர்ப்பதுதான் கீப்பர் வேலை.

வேடிக்கை என்னவென்றால், சரியான இடத்தில் நிற்கிறவன் பாயவே வேண்டியதில்லை. பந்து அவன் மேலேயே வந்து விழும். கூட்டம் கைதட்டாது. தப்பான இடத்தில் நின்றுவிட்டுப் பறந்து பிடிக்கிறவனுக்கு விசில் பறக்கும். எதிர்பார்க்கப்படும் கோல் கணக்கும் இதில் முழுசாக உதவாது. கீப்பர் முன்னேறி வந்த பயத்தில் அடிப்பவன் வெளியே அடித்துவிட்டால் அந்தப் பந்துக்குப் பூஜ்யம், கீப்பருக்கும் பூஜ்யம். கார்னர் பந்தை முன்கூட்டியே வந்து பிடித்தால் ஷாட்டே நடக்கவில்லை, ஆகவே கணக்கிலும் இல்லை. என்னைக் கேட்டால் நல்ல கீப்பரின் பாதி வேலை இன்னும் எந்த எண்ணிலும் ஏறவில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை அதிர்ஷ்டம். வீட்டில் கேரம் போர்டு இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஏழு வெள்ளைக் காய், மூன்று கறுப்புக் காய் ஒரு பையில் போடுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், திரும்பப் போடுங்கள். வெள்ளை என்றால் தடுத்தார், கறுப்பு என்றால் கோல். 120 தடவை செய்தால் ஒரு கீப்பரின் ஒரு சீசன் மாதிரி. சராசரியாக 36 கறுப்பு வரவேண்டும். ஆனால் பலமுறை செய்தால், மூன்றில் இரண்டு தடவைதான் 31-க்கும் 41-க்கும் நடுவில் விழும். மற்ற தடவைகளில் அதையும் தாண்டிப்போகும். ஒரே பை, ஒரே காய், கை கூட மாறவில்லை. அப்படியிருக்க, ஒரு வருஷம் ஐந்து கோல் அதிகம் வாங்கியவரைப் "போயிட்டாம்ப்பா" என்று எழுதித் தள்ளுவது அவசரம். ஜெர்மனி கீப்பர் ஆலிவர் கான் 2002 உலகக்கோப்பையில் இறுதியாட்டத்துக்கு முன் ஆறு ஆட்டங்களில் வாங்கியது ஒரே கோல். சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். ஆனால் இறுதியில் பிரேசிலின் ரிவால்டோ அடித்த பந்து கையிலிருந்து நழுவி ரொனால்டோ காலில் விழுந்ததே, எங்கள் ஊரில் கான் என்றால் அதுதான். ஃபார்வர்டு ஒன்பது வாய்ப்பைக் கோட்டைவிட்டுப் பத்தாவதை அடித்தால் ஹீரோ. கீப்பருக்கு நேர் எதிர். ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதை 1963-ல் லெவ் யாஷின் வாங்கினார்; அதை அதற்கு முன்னும் பின்னும் எந்த கீப்பரும் வாங்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மேனேஜர் விஷயம் இன்னும் வழுக்கல். அவர் பந்தைத் தொடுவதே இல்லை. பொருளாதார அறிஞர் ஸ்டீஃபன் சிமான்ஸ்கி இங்கிலாந்து கிளப்களின் பல வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்தார். எந்த கிளப் வீரர்களுக்கு எவ்வளவு சம்பளம் தருகிறது என்று தெரிந்தாலே, பட்டியலில் அது சராசரியாக எங்கே நிற்கும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்று கண்டார். மேனேஜர் திறமைக்கு மிஞ்சுவது அந்தச் சின்ன மீதிதான். ஆகவே இங்கேயும் அதே கேள்வி: இதே பணம், இதே ஆட்களோடு சராசரி மேனேஜர் எங்கே முடித்திருப்பார்?

மேனேஜரை நடுவில் தூக்கிவிட்டுப் புது ஆளைக் கொண்டுவந்ததும் அணி ஜெயிக்க ஆரம்பிப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். நெதர்லாந்தில் பாஸ் தெர் வீல் என்ற ஆய்வாளர் 1986 முதல் 2004 வரையிலான லீக் முடிவுகளை எடுத்து ஒரு நல்ல வேலை செய்தார். மேனேஜரை நீக்கிய அணிகளை, அதே மாதிரி சறுக்கியும் நீக்காமல் விட்ட அணிகளோடு ஒப்பிட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி மீண்டு வந்தன. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது எந்தக் கஷாயம் குடித்தாலும் மறுநாள் குறையும். கஷாயத்துக்குப் பேர் கிடைக்கும்.

அதற்காக எல்லாமே கஷாயம் என்று சொல்லவில்லை. நம் நாட்டு லீகான ஐஎஸ்எல்லில், 2019–20 சீசனில் சென்னையின் அணி அடிமட்டத்தில் கிடந்தபோது மேனேஜராக ஓவன் கோய்ல் வந்தார், இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பேன். 2021–22-ல் ஜம்ஷெட்பூருக்குப் போய், லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான ஷீல்டையும் வாங்கிக் கொடுத்தார். ஊர் மாறி, ஆட்கள் மாறி, அவர் மட்டும் மாறவில்லை. யூர்கன் கிளாப் கதை இதற்குத் தலைகீழ். 2014–15-ல் ஜெர்மன் லீகில் பாதி சீசனில் அவர் மேனேஜராக இருந்த டார்ட்மண்ட் 18 அணிகளில் 17-வது. ஆனால் லிவர்பூல் ஆய்வுப் பிரிவில் இருந்த இயற்பியலாளர் இயன் கிரஹாம் வாய்ப்புகளைக் கணக்கிட்டபோது, அந்த அணி நன்றாகவே ஆடியிருந்தது, அதிர்ஷ்டம்தான் இல்லை என்று தெரிந்தது. 2015 அக்டோபரில் லிவர்பூல் கிளாப்பை எடுத்தது. 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் பிரீமியர் லீக்.

சரி, இத்தனை கணக்கும் போட்டாயிற்று, பட்டியல் ஒன்று போடலாமா? டீக்கடையில் நாங்கள் மூன்று பேர் ஃபெர்குசன், கார்டியோலா, அஞ்சலோட்டி என்று மூன்று மேனேஜர்களை வரிசைப்படுத்தினோம். தம்பி ஒருவனுக்கு ஃபெர்குசன், கார்டியோலா, அஞ்சலோட்டி. எனக்கு கார்டியோலா, அஞ்சலோட்டி, ஃபெர்குசன். காசு கொடுக்கிற அண்ணனுக்கு அஞ்சலோட்டி, ஃபெர்குசன், கார்டியோலா. ஓட்டுப் போட்டால் கார்டியோலாவை ஃபெர்குசன் இரண்டுக்கு ஒன்றில் ஜெயிக்கிறார். அஞ்சலோட்டியை கார்டியோலா ஜெயிக்கிறார். ஃபெர்குசனை அஞ்சலோட்டி ஜெயிக்கிறார்! 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் கோண்டோர்சே கண்டுபிடித்த சுழல் இது. ஒவ்வொருவர் வரிசையும் ஒழுங்கானது. மூன்றையும் சேர்த்தால் வாலைக் கடித்த பாம்பு. இந்த நிலையில் எந்த ஜோடியை முதலில் மோதவிடுகிறோம் என்பதே கடைசியில் ஜெயிப்பவரைத் தீர்மானித்துவிடும்.

அண்ணன் ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார். "மொதல்ல ஃபெர்குசனா கார்டியோலாவா, அத்த சொல்லுங்கடா." ஃபெர்குசன் ஜெயிப்பார், அப்புறம் அஞ்சலோட்டி வந்து அவரைக் கவிழ்ப்பார். அண்ணன் மீசையைத் தடவிக்கொள்வார். போன ஞாயிறு அவர் கிளாஸை எடுத்து வாயில் வைக்கும் நேரம் பார்த்து நான் முந்திக்கொண்டேன். "அண்ணா, மொதல்ல ஃபெர்குசனா அஞ்சலோட்டியா?"