வீட்டு மனையைச் சிறு பில்டருக்குக் கொடுக்கும் முன்: தமிழ்நாட்டில் சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது?

தனிவீடுகள் நிறைந்த பழைய தெருவில் ஒரு மனை விலைக்கு வந்தால், கேட்டு முதலில் வருபவர் பெரும்பாலும் நான்கைந்து வீடுகள் கட்டி விற்கும் சிறு பில்டர்தான். விற்பவருக்கு அந்த இடத்தோடு முப்பது நாற்பது ஆண்டுப் பழக்கம் இருக்கும். நல்ல விலை வேண்டும் என்று நினைப்பார். பக்கத்து வீட்டின் வெளிச்சம் மறைந்துவிடக்கூடாது, கார்கள் தெருவை அடைக்கக்கூடாது, வாசல் வேப்பமரம் இருக்கட்டும் என்றும் நினைப்பார். விலையைப் பத்திரத்தில் எழுதுகிறார்கள். மற்றதெல்லாம் வாய்ப்பேச்சாகவே நின்றுவிடுகிறது. கிரையம் முடிந்த பிறகு அந்தப் பேச்சுக்கு எந்த மதிப்பும் இல்லை.

ஆனால் அவற்றையும் எழுத்தில் கொண்டுவரச் சட்டத்தில் வழி இருக்கிறது. எந்த வகைப் பத்திரம் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அந்த வழி திறக்கும், வரியும் அதைப் பொறுத்தே அமையும்.

உங்கள் மனையில் எவ்வளவு கட்டலாம்?

விலை பேசும் முன்பே இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 18.30 மீட்டர் உயரத்துக்கு மிகாத கட்டடம் உயர்மாடிக் கட்டடம் அல்ல. அதற்குப் பொதுவான தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 2. ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி மனை என்றால் 4800 சதுர அடி வரை கட்டலாம். சுற்றி விட வேண்டிய இடம், தெருவின் அகலம், கார் நிறுத்தம் ஆகியவற்றுக்கான விதிகள் இதிலிருந்து இன்னும் குறைக்கலாம்.

இதற்கு மேல் கட்டணம் செலுத்திப் பெறும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. உண்டு. தெரு 9 முதல் 12 மீட்டர் என்றால் 30 சதவீதம், 12 முதல் 18 மீட்டர் என்றால் 40 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம். உங்கள் தெரு 9 மீட்டருக்குக் குறைவு என்றால் இந்தக் கூடுதல் கிடையாது. எனவே பில்டர் வரும் முன்பே தெருவை அளந்து பாருங்கள். அகலமான தெருவில் இருக்கும் மனையைக் குறுகிய தெரு மனையின் விலைக்குக் கொடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு எல்லை ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் திட்டங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, மனை 500 சதுர மீட்டருக்கு மிகாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மிகாவிட்டாலோ திட்டத்தை ரெராவில் பதிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டு கிரவுண்டு என்பது சுமார் 446 சதுர மீட்டர். ஆகவே நாம் பேசும் சிறு கட்டடங்களில் பெரும்பாலானவை இந்தப் பதிவுக்கு வெளியே நிற்கும். பில்டரின் கணக்கையும் காலக்கெடுவையும் ஓர் ஆணையம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அந்தக் காவலை உங்கள் ஒப்பந்தம்தான் செய்ய வேண்டும்.

முழுக் கிரையம் கொடுத்தால்

முழு மனையையும் கிரையம் எழுதிக் கொடுத்துவிட்டால், "மூன்று மாடிக்கு மேல் கட்டக்கூடாது" என்று பத்திரத்தில் எழுதினாலும் பயன் இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 11 இதைத் தெளிவாகச் சொல்கிறது: முழு உரிமையை மாற்றிக் கொடுத்த பிறகு, வாங்கியவர் அதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று விதிக்கும் நிபந்தனை செல்லாது.

ஆனால் அதே பிரிவின் அடுத்த பத்தியில் ஒரு விலக்கு இருக்கிறது. சிறு மனைக்காரருக்கு இந்தச் சட்டத்திலேயே மிகவும் உதவக்கூடிய வாக்கியம் இதுதான் என்பேன். விற்பவருக்கு வேறொரு சொத்து இருந்து, அதை நல்லபடியாக அனுபவிப்பதற்காக அந்த நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தால், அதை நிறைவேற்றக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. இரண்டு கிரவுண்டில் ஒன்றை விற்றுவிட்டு மற்றதில் நீங்கள் தொடர்ந்து குடியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் பக்கச் சுவரிலிருந்து இத்தனை அடி விட வேண்டும், இத்தனை அடி உயரத்துக்கு மேல் போகக்கூடாது, உங்கள் கிணற்றருகே கழிவுநீர்த் தொட்டி வரக்கூடாது என்பதையெல்லாம் கிரையப் பத்திரத்திலேயே எழுதலாம். பிரிவு 40இன்படி, அந்தக் கட்டுப்பாட்டை அறிந்து பின்னால் வாங்குபவர்களையும் அது கட்டுப்படுத்தும். பதிவான பத்திரத்தில் இருப்பதை அறிந்தவராகவே சட்டம் அவர்களைக் கருதும். எனவே தனித்தாளில் எழுதி வைக்காதீர்கள், பதிவாகும் பத்திரத்துக்குள் வரட்டும்.

வெளிச்சம், காற்று பற்றி ஒரு வார்த்தை. ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டு தடையின்றி வந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் 1882ஆம் ஆண்டின் அனுபவ உரிமைச் சட்டம், பிரிவு 15 பாதுகாப்புத் தருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இதை வைத்து வழக்குப் போடலாம், வாங்கும் பில்டரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு மனையும் உங்களுடையதாகவே இருந்த ஆண்டுகளை இந்தக் கணக்கில் நம்ப முடியாது. விற்கும்போதே பத்திரத்தில் எழுதிக்கொள்வதுதான் உறுதி.

கூட்டு ஒப்பந்தம் போட்டால்

மக்கள் ஜாயிண்ட் வென்ச்சர் என்று சொல்லும் முறை இது. நிலம் உங்களுடையது, கட்டுவது பில்டர், கட்டிய வீடுகளைப் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்கிறீர்கள். பில்டரின் பங்குக்கு உரிய பிரிபடாத நில பாகத்தை நீங்கள் அவர் காட்டும் ஆட்களுக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள். அதுவரை உரிமை உங்களிடம் இருப்பதால், எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் பலமும் உங்களிடம் இருக்கிறது. தெருவைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு நான் சொல்லும் வழி இதுதான். ஆனால் ஒரே கையெழுத்தில் அந்தப் பலம் போய்விடவும் முடியும். அந்தக் கையெழுத்து பொது அதிகாரப் பத்திரம், அதாவது உங்கள் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு உரிமை தரும் பவர் பத்திரம்.

சாதாரண அதிகாரப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் ரத்து செய்யலாம். ஆனால் முகவருக்கே, அதாவது அதிகாரம் பெற்றவருக்கே, அந்தச் சொத்தில் சொந்த நலன் இருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 202இன்படி, அந்த நலனுக்குக் கேடாக ரத்து செய்ய முடியாது. பில்டரிடம் பணம் வாங்கிக்கொண்டு எழுதும் அதிகாரம் இந்த வகைக்குள் வரக்கூடும். ஆகவே அதிகாரத்தை இரண்டாகப் பிரியுங்கள். திட்ட அனுமதி, மின் இணைப்பு, குடிநீர் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும் அதிகாரத்தை முதலிலேயே தரலாம். விற்கும் அதிகாரம் பில்டரின் பங்குக்கு மட்டும், அதுவும் படிப்படியாக: அடித்தளம் முடிந்தால் இவ்வளவு, கூரை போட்டால் இவ்வளவு, உங்கள் வீடுகளை ஒப்படைத்த பிறகு மீதி. "முழுச் சொத்தையும் விற்க" என்ற சொற்கள் வரைவில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். நல்ல பில்டர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

அப்புறம் வரைபடம். கட்டட வரைபடத்தையே ஒப்பந்தத்தின் இணைப்பாக வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை வீடு, எத்தனை மாடி, எத்தனை கார் நிற்கும், எந்த ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கும், எந்த மரம் நிற்கும், மழைநீர் எங்கே இறங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கட்டும் காலத்தில் லாரி வரும் நேரம், தெருவில் மணல் கொட்டாமை, பக்கத்துச் சுவரில் விரிசல் விழுந்தால் யார் சரி செய்வது ஆகியவற்றையும் சேருங்கள். எங்கள் உறவில் ஒரு வீட்டில் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சுவர் வெடித்தபோது பில்டரும் நிலக்காரரும் ஒருவரை ஒருவர் காட்டினார்கள், நடுவில் இருந்த வயதான தம்பதி இரண்டு மழைக்காலம் சுவரில் தார்ப்பாய் கட்டி வாழ்ந்தார்கள்.

வரி: வழிக்கு வழி மாறும்

இங்கே சொல்லும் எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவுகள். 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டரிடம் விஷயத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த மனையை விற்றால் அது நீண்டகால மூலதன ஆதாயம், வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம் அல்லது வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கைப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001க்கு முன் வந்த சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அரசு நிர்ணயித்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது.

ஒரு கணக்கு: 2025–26இல் ஒரு கோடிக்கு விற்கிறீர்கள், 2001 மதிப்பு 10 லட்சம். 12.5 சதவீதக் கணக்கில் வரி 11.25 லட்சம். பழைய கணக்கில், பணவீக்கக் குறியீடு 376ஐக் கொண்டு 10 லட்சத்தை 37.6 லட்சமாக உயர்த்திப் பார்த்தால் 12.48 லட்சம். புதியது நல்லது. அதே மனையின் 2001 மதிப்பு 20 லட்சம் என்றால் புதிய கணக்கில் 10 லட்சம், பழைய கணக்கில் 4.96 லட்சம்தான். (கூடுதல் வரிகளைச் சேர்க்கவில்லை.) பழைய மதிப்பைச் சரியாக நிறுவும் மதிப்பீட்டாளரின் அறிக்கைக்காகச் செலவு செய்ய இதுவே காரணம்.

வீட்டோடு விற்றால் பிரிவு 54இன் சலுகை: ஆதாயத்தை மட்டும் வேறு வீட்டில் போட்டால் போதும். காலி மனையாக விற்றால் பிரிவு 54எஃப்: விற்ற தொகை முழுவதையும் போட்டால்தான் முழு விலக்கு, விற்கும் நாளில் உங்களுக்கு ஒரு வீட்டுக்கு மேல் இருக்கவும் கூடாது. எனவே பில்டர் "இடித்துக் கொடுங்கள்" என்று கேட்டால் உடனே சரி சொல்லாதீர்கள். இடிக்கும் வேலை அவருடையதாக, கிரையத்துக்குப் பிறகு நடக்கட்டும்.

கூட்டு ஒப்பந்தத்துக்கு 2017இல் பிரிவு 45(5ஏ) வந்தது. தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் பதிவு செய்த ஒப்பந்தம் போட்டால், கையெழுத்திட்ட ஆண்டில் அல்லாமல், கட்டடத்துக்கு நிறைவுச் சான்று கிடைக்கும் ஆண்டில் வரி கட்டலாம். அன்றைக்கு உங்கள் பங்கு வீடுகளின் வழிகாட்டி மதிப்பும், வாங்கிய ரொக்கமும் சேர்ந்து விற்ற விலையாகும். சான்று வரும் முன் உங்கள் பங்கை விற்றுவிட்டால் இந்தச் சலுகை போய்விடும்.

இங்கே சிறு கட்டடங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. தமிழ்நாட்டில் 2024இல் விதி திருத்தப்பட்டு, 14 மீட்டர் உயரம், 8 வீடுகள், 750 சதுர மீட்டர் ஆகியவற்றுக்கு மிகாத குடியிருப்புக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்று கட்டாயம் இல்லை என்று ஆனது. அந்தச் சான்று இல்லாமலே மின் இணைப்புப் பெற அது வசதி. ஆனால் வரிச் சட்டம் அந்தச் சான்றின் தேதியைத்தானே கேட்கிறது? ஒரு கிரவுண்டில் நான்கு வீடு கட்டுகிறவர்கள் இதைப் பற்றி ஒப்பந்தம் எழுதும்போதே ஆடிட்டரிடம் கேட்டு, பணி முடிந்ததற்கு எந்த ஆவணத்தை யார் பெற்றுத் தருவது என்று எழுதிவிட வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும், இறந்துபோன அப்பா பெயரில் அல்ல. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்பட வரைபடம் மூன்றின் அளவுகளும் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். பூர்வீகச் சொத்து என்றால் மகள்களின் கையெழுத்தும் வேண்டும். மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 2005இல்தான் திருந்தியது, தமிழ்நாட்டில் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை 1989இலேயே வந்துவிட்டது. தங்கையிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பில்டர் பணம் கட்டிய பிறகு பேசினால் அது பேச்சாக இருக்காது.

முன்பணமானாலும் பாக்கியானாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கினால் அதே அளவு அபராதம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுவார், அது உங்கள் வரிக் கணக்கில் சேரும். பத்திரத்தில் காட்டும் விலை வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக இருந்து, வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால், வழிகாட்டி மதிப்புக்கே உங்களிடம் வரி கேட்பார்கள்.

வரைவு ஒப்பந்தம் வந்ததும் பில்டரின் வழக்கறிஞர் அல்லாத வேறொரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதே வாரத்தில் இரு பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் ஒரு ஜன்னலை நகர்த்த அந்த வாரத்தில் ஒரு பென்சில் போதும்.