திருட்டு மின்கம்பியும் ரயில்வே இரும்பும்: பழைய இரும்புக் கடைக்காரருக்குச் சட்டம் விதிக்கும் பொறுப்பு

சாலையில் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடியோ, டிரான்ஸ்பார்மரின் செம்புக் கம்பியோ காணாமல் போனால், அது பெரும்பாலும் ஒரு பழைய இரும்புக் கடையின் தராசுக்குத்தான் வந்து சேர்கிறது. திறந்து கிடக்கும் குழியில் இரவில் யார் விழுவார் என்று திருடியவரும் நினைப்பதில்லை, எடை போட்டவரும் நினைப்பதில்லை. ஆனால் "நான் திருடவில்லை, காசு கொடுத்துத்தான் வாங்கினேன்" என்ற பதில் மட்டுமே ஒரு கடைக்காரரைக் காப்பாற்றிவிடாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317ஆவது பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, ஒன்றை நேர்மையற்ற முறையில் வாங்குபவருக்கும் வைத்திருப்பவருக்கும் 3 ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதையே வழக்கமான தொழிலாகச் செய்பவருக்கு ஆயுள் தண்டனை வரையிலும் போகலாம். இதில் "நம்பக் காரணம்" என்ற சொற்களைத்தான் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். உறை எரிக்கப்பட்டுக் கருகிய நிலையில் வரும் செம்புக் கம்பி, துறையின் முத்திரை அராவப்பட்ட இரும்பு, சந்தை விலையில் பாதிக்குத் தள்ளிவிடத் துடிக்கும் ஆள் ஆகிய எல்லாமே, தெரியாது என்று பின்னர் சொல்வதை நீதிமன்றத்தில் பலவீனமாக்கும்.

மின்சாரப் பொருள்களுக்கு 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் தனியாக உண்டு. அதன் 136ஆவது பிரிவு, கம்பியை வெட்டுவதை மட்டுமல்லாமல், உரிமையாளரின் இசைவின்றி மின்கம்பி, மீட்டர் போன்றவற்றைத் தன் இடத்தில் வைத்திருப்பதையும், வண்டியில் ஏற்றிச் செல்வதையும்கூட, அதனால் லாபம் வந்ததா இல்லையா என்று பாராமல் குற்றமாக்குகிறது. தண்டனை 3 ஆண்டு வரை; மறுமுறை பிடிபட்டால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறையும், 10,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. திருட்டுக் கம்பியைத் தெரிந்து வாங்குபவருக்கு 137ஆவது பிரிவு பொருந்தும்.

இவற்றில் மிகக் கடுமையானது 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம் என்றே சொல்வேன். தண்டவாளத் துண்டோ, அதைப் பிடித்து நிறுத்தும் கிளிப்போ, திருடப்பட்டதாக நியாயமான சந்தேகம் எழும் நிலையில் ஒருவரிடம் இருந்தால், அது முறைப்படி வந்தது என்று நிரூபிக்கும் சுமை அவருடையது. முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். சிறப்பான காரணங்கள் இல்லாவிட்டால் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. விசாரணையை ரயில்வே பாதுகாப்புப் படையே நடத்தும். தன் இடத்தில் இது நடப்பதற்கு வேண்டுமென்றே உடந்தையாக இருக்கும் கிடங்கு உரிமையாளரும் தப்ப முடியாது.

ரயில்வே தன் கழிவு இரும்பை மின்னணு ஏலத்தில் விற்கிறது. ஆகவே இத்தகைய பொருள் கடைக்கு வரும்போது ஏல ஆணையையும் சரக்கை வெளியே எடுக்க அனுமதித்த சீட்டையும் கேட்டு வாங்கி, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். விற்பவரின் அடையாள அட்டை விவரம், வண்டி எண், எடை, தேதி ஆகியவற்றைப் பேரேட்டில் எழுதி, பணத்தை வங்கி வழியாகக் கொடுப்பது நல்லது. சீட்டு இல்லாத பொருளை எடை போடாமல், உரிய துறைக்கோ காவல் நிலையத்துக்கோ உடனே தெரிவித்துவிட வேண்டும்.